சோகோல்: செக் மக்களின் வல்லூறு இயக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோகோல் என்றால் என்ன?

செக் மொழியில் 'சோகோல்' என்றால் வல்லூறு. ராஜாளி என்றும் சொல்லலாம். 1862 பிப்ரவரி 16 அன்று ப்ராக் நகரில் தொடங்கப்பட்ட ஓர் உடற்பயிற்சிச் சங்கம் பிறகு அந்தப் பெயரை ஏற்றது. தெற்கு ஸ்லாவியரின் (செர்பியர், குரோவாசியர் போன்ற, செக் மக்களுக்கு மொழியால் உறவான மக்களின்) வீரகதைப் பாடல்களில் அஞ்சாத வீரனை 'சோகோல்' என்று பாடுவது வழக்கம். எமானுயெல் தோன்னர் என்பவர் அதை நினைவூட்டிப் பெயரை முன்மொழிந்தார்.

இந்தச் சங்கத்தை ஆஸ்திரியப் பேரரசு 1915-இல் கலைத்தது. நாஜிகள் 1941-இல் தடை செய்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி 1948-க்குப் பிறகு படிப்படியாக விழுங்கிவிட்டது. கம்பியில் தொங்கிப் பழகுகிறவர்களைக் கண்டு மூன்று ஆட்சிகள் ஏன் அஞ்சின? கீழே உள்ள கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ஏன் 1862? ஏன் உடற்பயிற்சி?

செக் மக்கள் அப்போது ஆஸ்திரியாவின் ஆளுகையில் இருந்தார்கள். அரசு அலுவலகம், உயர்கல்வி, பெரிய வணிகம் எல்லாம் ஜெர்மன் மொழியில் நடந்தன. செக் மொழி வீட்டிலும் சந்தையிலும் வயலிலும் இருந்தது. 1848 புரட்சி அடக்கப்பட்ட பின் வந்த பத்தாண்டுகளில் பொதுவாழ்வே மூச்சடைத்துக் கிடந்தது. 1859-இல் இத்தாலியில் ஆஸ்திரியா தோற்றது. வியன்னா தன் பிடியைத் தளர்த்த வேண்டி வந்தது. 1860-க்குப் பிறகு சங்கம் அமைக்க வழி திறந்தது. அடைத்து வைத்திருந்த மடையைத் திறந்தது போலப் பாடகர் குழுக்களும் நாளிதழ்களும் நாடக முயற்சிகளும் பெருகின. அந்த அலையில் வந்ததுதான் சோகோல்.

கட்சி நடத்தினால் காவல்துறை வரும். பாட்டுக் குழுவில் பாடத் தெரிந்தவர்தான் சேர முடியும். உடற்பயிற்சிக்கு உடல் இருந்தால் போதும். கடைச் சிப்பந்தியும் மாணவரும் கைவினைஞரும் வக்கீலும் ஒரே வரிசையில் நிற்கலாம். ஆணைகள் செக் மொழியில் ஒலிக்கும். சொந்த மொழியில் ஆணை கேட்டு நூறு பேர் ஒரே கணத்தில் கை உயர்த்துவது, தனி அரசில்லாத மக்களுக்கு எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் செக் மொழியினரும் ஜெர்மன் மொழியினரும் சேர்ந்தே ஒரு சங்கம் நடத்தலாமா என்ற பேச்சும் இருந்தது. அது கைகூடவில்லை. ஜெர்மானியர் தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

தொடங்கியவர்கள் யார்?

இருவர். மிரோஸ்லாவ் திர்ஷ், யிந்த்ரிஹ் ஃபூக்னர். இருவருமே ஜெர்மன் பெயரோடு வளர்ந்தவர்கள் என்பது பலருக்கும் வியப்பைத் தரும்.

திர்ஷ் 1832-இல் வடக்கு பொஹீமியாவின் தியெச்சீன் ஊரில் பிறந்தார். பிறப்புப் பெயர் ஃப்ரீட்ரிக் இமானுவேல் டிர்ஷ். சிறு வயதிலேயே காசநோய் அவருடைய குடும்பத்தைக் கொண்டுபோனது. அநாதையான பிள்ளையை உறவினர்கள் வளர்த்தார்கள். மெலிந்த உடல்; இவனுக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. உடற்பயிற்சி அவருக்கு முதலில் உயிர் காக்கும் மருந்தாகத்தான் வந்தது. ப்ராகில் தத்துவம் படித்தார். கிரேக்கச் சிற்பங்களில் மனம் பறிகொடுத்தார். பின்னாளில் ப்ராக் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தார். நவீன ஒலிம்பிக் போட்டிகள் 1896-இல் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1860-களின் இறுதியில், பண்டைய ஒலிம்பிக் விழாவைப் பற்றி அவர் விரிவாக எழுதிவிட்டார். உடலும் மனமும் சேர்ந்து அழகு பெற வேண்டும் என்ற கிரேக்கக் கருத்துதான் சோகோலின் முதுகெலும்பு.

ஃபூக்னர் 1822-இல் ப்ராகில் பிறந்தவர். காப்பீட்டுத் தொழில் செய்த செல்வர். பிறப்புப் பெயர் ஹைன்ரிக். பேசி வளர்ந்தது ஜெர்மன். செக் மொழியை நன்றாகப் பழகிக்கொண்டது பிற்காலத்தில். அவரே சோகோலின் முதல் தலைவர். ப்ராகில் சங்கத்துக்கென ஒரு பயிற்சிக் கூடம் எழுந்தது பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணத்தில். கட்டடக் கலைஞர் இக்னாத்ஸ் உல்மன் அதை வடிவமைத்தார். அந்தக் கூடம் நிற்கும் தெருவுக்கு இன்றும் 'சோகோல்ஸ்கா' என்றுதான் பெயர். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் 'சகோதரா' என்று அழைக்க வேண்டும், 'நீங்கள்' என்று தள்ளி நிறுத்தாமல் 'நீ' என்றே பேச வேண்டும் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. பட்டமும் பதவியும் பார்த்து விளித்துப் பேசிய அந்தக் காலச் சமூகத்தில், முதலாளியும் எழுத்தரும் ஒருவரையொருவர் 'நீ' என்று அழைத்தது சின்ன விஷயமில்லை. இந்த இயக்கத்தின் கண்டுபிடிப்புகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன்.

சங்கம் தொடங்கி நான்கு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1865 நவம்பரில் ஃபூக்னர் இறந்துபோனார். அவருடைய மகள் ரெனாத்தாவுக்கு ஆசிரியராக இருந்த திர்ஷ், 1872-இல் அவரையே மணந்தார். 1884 ஆகஸ்டில், ஓய்வுக்காகச் சென்ற திரோல் மலைப்பகுதியில், ஆற்றில் மூழ்கித் திர்ஷ் உயிரிழந்தார். அவருடைய உடலைக் கண்டெடுக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின.

ஜெர்மானியரின் 'டுர்னென்' இயக்கத்தைப் பார்த்துச் செய்த நகலா இது?

வேர் அங்கிருந்துதான் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. நெப்போலியன் காலத்து ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கம், கிடைக் கம்பி, இணைக் கம்பிகள் போன்ற கருவிகளையும் 'உடலை உரமாக்கி நாட்டை எழுப்பு' என்ற எண்ணத்தையும் பரப்பியிருந்தது. திர்ஷ் அதை நன்கு கற்றவர்.

ஆனால் அவர் செய்த வேலையின் அளவு வேறு. கருவி இல்லாமல் செய்பவை, கருவியில் செய்பவை, குழுவாகச் செய்பவை, மல்லுக்கட்டும் வகைப் பயிற்சிகள் என்று எல்லா அசைவுகளையும் நான்கு பெரும் பிரிவுகளில் அடுக்கினார். ஒவ்வொரு அசைவுக்கும் நிலைக்கும் ஆணைக்கும் செக் மொழியில் சொல் உருவாக்கினார். 1868 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பாடநூல் இந்தச் சொற்களை நிலைப்படுத்தியது. 1871-இல் 'சோகோல்' என்ற இதழையும் தொடங்கி நடத்தினார். ஒரு துறைக்கு முழுக் கலைச்சொல் தொகுதியைத் தாய்மொழியில் ஆக்கித் தருவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று கலைச்சொல்லோடு மல்லாடிய எவருக்கும் தெரியும். திர்ஷின் சொற்கள் பல இன்றும் செக் பள்ளிகளின் பயிற்சி வகுப்பில் புழங்குகின்றன.

சிவப்புச் சட்டையும் இறகுத் தொப்பியும் எதற்கு?

சீருடையை வரைந்தவர் அக்காலத்தின் முதன்மையான செக் ஓவியர் யோசெஃப் மானெஸ். சிவப்புச் சட்டை, இத்தாலிய விடுதலைப் போரில் கரிபால்டியின் தொண்டர்கள் அணிந்ததை நினைவூட்டியது. வல்லூறு இறகு செருகிய வட்டத் தொப்பி, தோளில் தொங்கும் மேல்சட்டை. ஆஸ்திரிய அதிகாரிகள் அந்தச் சிவப்பைப் பார்த்தால் எதை நினைப்பார்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்த நிறம்.

சங்கக் கொடியையும் மானெஸே வடிவமைத்தார். 1862 ஜூனில் கொடி ஏற்பு விழா நடந்தபோது, கொடிக்கு ஞானத்தாயாக நின்றவர் எழுத்தாளர் கரோலினா ஸ்வியெத்லா.

வாழ்த்துச் சொல் 'நஸ்தார்'. 'வெற்றி உண்டாகட்டும்' என்று பொருள். ப்ராகில் தேசிய நாடக அரங்கு கட்ட ஊர் ஊராக நிதி திரட்டியபோது புழங்கிய சொல்லோடு இதற்கு உறவுண்டு. இன்று செக் குடியரசில் நண்பர்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் 'வணக்கம்பா' போன்ற சொல்லாக அது தேய்ந்துவிட்டது. திர்ஷ் தந்த முழக்கம் 'துழ்மெ செ' – 'உரம் பெறுவோம்'.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

உடனே இல்லை. 1869-இல் ப்ராகில் பெண்களுக்கான தனி உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கியது. திர்ஷ் அதற்கு ஆதரவு தந்தார், கிளெமேன்யா ஹனுஷோவா அதை வழிநடத்தினார். பெண்கள் உடற்பயிற்சி செய்வது நாகரிகமா என்று கேட்ட காலம் அது. பெருவிழாவில் பெண்கள் முதன்முதலாகப் பொதுத் திடலில் இறங்கிப் பயிற்சி செய்து காட்ட 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தடுக்க முடியவில்லை. ரெனாத்தா திர்ஷோவா, கணவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, செக் நாட்டுப்புற உடைகளையும் பூத்தையல்களையும் திரட்டி ஆராய்ந்தவர். 'திர்ஷின் மனைவி' என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

'ஸ்லெத்' என்றால் என்ன? அதை ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

பறவைகள் பல திசையிலிருந்து பறந்து வந்து ஓரிடத்தில் இறங்குவதற்கு செக் மொழியில் ஸ்லெத் என்று பெயர். வல்லூறுகளின் திருவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

முதல் ஸ்லெத் 1882 ஜூன் 18 அன்று, ப்ராகில் ஓடும் வல்த்தாவா ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவில் நடந்தது. பயிற்சி செய்து காட்டியவர்கள் 700 பேருக்கு மேல். திர்ஷ் தாமே முன்னின்று நடத்தினார். அவர் கண்ட ஒரே ஸ்லெத் அது. 1887-இல் நடத்த எண்ணியதை அரசு தடுத்தது. பிறகு 1891, 1895, 1901, 1907, 1912 என்று விழா பெருத்துக்கொண்டே போனது. தீவு போதாமல் போயிற்று. ஆற்றுக்கு மேலே உள்ள லெத்னா மேட்டுத் திடலுக்கு மாறினார்கள். அதுவும் போதாமல் 1926-இல் ஸ்த்ராஹவ் குன்றின் மேல் புதிய அரங்கம் எழுந்தது. முதலில் மரத்தால் கட்டினார்கள். 1932-க்குள் கான்கிரீட்டுக்கு மாறத் தொடங்கியது. உலகிலேயே மிகப் பெரிய விளையாட்டரங்கம் என்று பெயர் வாங்கிய இடம் அது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட திடல்; பார்வையாளர் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

நம் பள்ளி ஆண்டு விழாவில் 'மாஸ் டிரில்' பார்த்திருப்பீர்கள். அதை ஆயிரம் மடங்காகப் பெருக்கிக்கொள்ளுங்கள். இத்தனை ஆயிரம் பேர் ஒத்திகையே பார்க்காமல் எப்படி ஒன்றாக அசைவார்கள்? விடை எளிது: ஒத்திகை ஊரில் நடந்துவிடும். அசைவுகளின் வரிசையும் இசையும் விழாவுக்கு வெகு முன்பே அச்சாகிக் கிளைகளுக்குப் போய்விடும். கிளைக்குச் செக் மொழியில் 'யெத்னோதா' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பொருளே ஒருமை. குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு கிளையும் தன் கூடத்தில் பழகும். வசந்தத்தில் பல கிளைகள் சேர்ந்த வட்டார அளவில் கூடிப் பார்ப்பார்கள். கோடையில் ரயிலேறி ப்ராக் வருவார்கள். திடலில் அவரவர் நிற்க வேண்டிய புள்ளி முன்பே குறிக்கப்பட்டிருக்கும். உயரமான மேடையில் தலைமைப் பயிற்றுநர் நிற்பார். வாயில்கள் திறக்கும், இசையோடு வெள்ளம் போல உள்ளே வந்து, ஒவ்வொருவரும் தன் புள்ளியில் நின்றுவிடுவார்கள். பார்த்தவர்கள் பலர் எழுதி வைத்தது பயிற்சியைவிட இந்த நுழைவைப் பற்றித்தான்.

மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தையல்காரர், தான் குளிர்காலத்தில் பன்னிரண்டு பேரோடு பழகிய அசைவைப் பல்லாயிரம் பேர் தன்னைச் சுற்றிச் செய்வதை அன்றுதான் முதன்முதலில் காண்கிறார். 'நாடு' என்ற சொல்லுக்கு அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

உடற்பயிற்சிக்கு அப்பால் ஊர்களில் என்ன செய்தது?

சோகோலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்லெத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதன் உயிர் ஊர்க் கூடங்களில் இருந்ததாகவே படுகிறது. 'சோகோலோவ்னா' என்று அந்தக் கூடத்தை அழைப்பார்கள். உறுப்பினர்களே கல் சுமந்து, மரம் கொடுத்து, சிறுகச் சிறுகக் கட்டியவை பல. பகலில் பயிற்சிக் கூடம். மாலையில் கம்பிகளையும் விரிப்புகளையும் ஓரமாக நகர்த்தினால் அதுவே நாடக அரங்கு, நடன மண்டபம், சொற்பொழிவு மன்றம். பெரும்பாலான கூடங்களில் ஒரு பக்கம் மேடையும் இருக்கும். பலவற்றில் நூலகமும் உண்டு.

குளிர்காலத்தில் 'ஷிப்ரிங்கி' என்ற மாறுவேட நடன விழா. 1860-களிலேயே ப்ராகில் தொடங்கிய இந்த வழக்கம் சிற்றூர்கள் வரை பரவியது. பனி கொட்டும் பிப்ரவரியில் ஊரே வேடம் கட்டி ஆடும்.

பிறகு பொம்மலாட்டம். செக் மண்ணில் அது ஊர் ஊராகச் சுற்றிய கலைஞர்களின் தொழிலாக இருந்தது. நாடோடிக் கலைஞர்கள் அருகிவந்த காலத்தில் நூற்றுக்கணக்கான சோகோல் கிளைகள் தங்கள் கூடத்தில் சிறுவர்களுக்காகப் பொம்மலாட்ட மேடை அமைத்தன. ஊர் ஆசிரியர் கதை சொல்வார், தச்சர் பொம்மை செதுக்குவார், பெண்கள் உடை தைப்பார்கள். செக், ஸ்லோவாக்கியப் பொம்மலாட்டத்தை யுனெஸ்கோ 2016-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கலை அதுவரை உயிரோடு வந்து சேர்ந்ததில் இந்த ஊர்க் கூடங்களுக்கும் பங்கு உண்டு. 1918-க்குப் பிறகு திரையரங்கு நடத்தும் உரிமமும் சங்கங்களுக்குக் கிடைத்தது. பல ஊர்களில் முதல் சினிமாக் கொட்டகை சோகோலுடையதே. படத்தில் வந்த வருமானம் கூரை ஓட்டுக்கும் விரிப்புக்கும் போனது.

இசைக்கும் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு?

பயிற்சிக்கு இசை வேண்டும், விழாவுக்குச் சுவரொட்டி வேண்டும், கலைஞர்கள் வந்தார்கள். கொலீன் நகர இசைக்குழுத் தலைவர் ஃப்ரந்திஷெக் க்மோஹ் 1882-இன் முதல் ஸ்லெத்திலேயே தம் குழுவோடு வாசித்தார். அவருடைய அணிநடைப் பாடல்கள் இன்றும் செக் ஊர்த் திருவிழாக்களில் ஒலிக்கின்றன. அல்ஃபோன்ஸ் மூகா 1912 விழாவுக்கும் 1926 விழாவுக்கும் சுவரொட்டி வரைந்தார். யோசெஃப் சுக் 1920 ஸ்லெத்தை ஒட்டி இயற்றிய 'புதிய வாழ்வை நோக்கி' என்ற அணிநடை இசை 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் கலைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக்கில் இசைக்குப் பதக்கம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

லேயோஷ் யானாசெக்கின் 'சின்ஃபொனியெத்தா' இப்போது உலகெங்கும் இசையரங்குகளில் வாசிக்கப்படுகிறது. அதன் தொடக்கத்தில் வரும் எக்காள முழக்கம் 1926 ஸ்லெத்துக்காக எழுதத் தொடங்கியது. அந்த முழக்கத்தைக் கேட்கும்போது ஸ்த்ராஹவ் வாயில்கள் திறப்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள். இசை வேறுவிதமாகத் திறக்கும்.

செக் மக்கள் எல்லோரும் சோகோலில் இருந்தார்களா?

இல்லை. தொழிலாளர்கள் 1897-இல் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார்கள். கத்தோலிக்கர் 1909-இல் 'ஓரெல்', அதாவது கழுகு, என்ற பெயரில் பிரிந்தார்கள். கம்யூனிஸ்ட் சார்புத் தொழிலாளர் 1921-இல் ப்ராகில் 'ஸ்பார்த்தகியாட' என்று ஒரு விழா நடத்தினார்கள். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு திரும்பி வரும்.

பக்கத்து வீட்டு ஜெர்மானியரும் இதே பாதையில்தான் நடந்தார்கள். செக் நாட்டு ஜெர்மானியரின் உடற்பயிற்சிச் சங்கத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர்தான் கொன்ராட் ஹென்லைன். 1938-இல் ஹிட்லரின் கையாளாக நின்று நாட்டைத் துண்டாட உதவியவர். வரிசையும் கொடியும் ஒரே அசைவும் தம்மளவில் நல்லவையும் இல்லை, கெட்டவையும் இல்லை. 'நாம்' என்ற சொல்லுக்குள் யாரை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். சோகோலும் ஸ்லாவியர் என்ற வட்டத்துக்குள்தான் தன் 'நாம்' என்பதைப் பெரிதும் வைத்திருந்தது. அந்தக் குறையை, அதை நேசிக்கிறவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செக் நாட்டுக்கு வெளியே பரவியதா?

வேகமாக. 1863-இல் ஸ்லோவேனியாவின் லுப்லியானா, 1867-இல் போலந்து மக்கள் வாழ்ந்த ல்வூஃப், 1874-இல் குரோவாசியாவின் ஸாக்ரெப். கடல் கடந்தும் போனது: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1865-இலேயே ஒரு கிளை. செக் குடியேறிகள் போன இடமெல்லாம் தேவாலயத்துக்கு இணையாக ஒரு சோகோல் கூடமும் எழுந்தது.

முதல் உலகப் போரில் என்ன நடந்தது?

1915-இல் தலைவர் யோசெஃப் ஷைனர் கைதானார்; அதே ஆண்டு சங்கம் கலைக்கப்பட்டது. ஆஸ்திரியாவுக்கு எதிராக ரஷ்யாவிலும் பிரான்சிலும் இத்தாலியிலும் திரண்ட செக்கோஸ்லோவாக்கியத் தன்னார்வப் படைகளில் சோகோல்காரர்கள் நிறைய. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த முதல் செக் அணிக்குப் பெயரே 'நஸ்தார்'. 1918 அக்டோபர் 28 அன்று ப்ராகில் குடியரசு அறிவிக்கப்பட்டபோது புதிய நாட்டுக்கென்று ஒரு படை இல்லை. தெருவில் ஒழுங்கைக் காத்தவர்கள் சோகோல்காரர்கள். அரை நூற்றாண்டாக வரிசையில் நிற்கப் பழகியவர்கள் இருந்ததால் அந்த மாற்றம் அமைதியாக நடந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் அதன் பொற்காலம். முதல் குடியரசுத் தலைவர் மசாரிக்கே ஒரு சோகோல்காரர். ப்ராகின் மாலா ஸ்த்ரானா பகுதியில் மிஹ்னா மாளிகையை வாங்கிப் புதுப்பித்து 1925-இல் 'திர்ஷ் இல்லம்' என்ற தலைமையகத்தைத் திறந்தார்கள்.

1938 ஸ்லெத்தை இன்றும் ஏன் கண்ணீரோடு நினைக்கிறார்கள்?

அதன் நாள்களை எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டார். மேயில் செக்கோஸ்லோவாக்கியா படையைத் திரட்டிப் பார்த்தது. ஜூன், ஜூலையில் பத்தாவது ஸ்லெத். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி செய்து காட்டினார்கள். ஆண்களின் பெரும் பயிற்சிக்கு 'குடியரசுக்கு உறுதிமொழி' என்று பெயர். சுமார் 28,000 ஆண்கள், வெள்ளைச் சட்டையோடு, ஒரே திடலில். அரங்கிலிருந்தவர்களுக்கு இது விளையாட்டு விழா இல்லை என்று தெரியும்.

மூன்று மாதத்துக்குள் மியூனிக் ஒப்பந்தம். உறுதிமொழி எடுத்தவர்களைக் கேட்காமலே நான்கு வல்லரசுகள் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்தன. 1939 மார்ச்சில் மிச்சமும் போனது.

நாஜி ஆட்சியில் சோகோல் என்ன ஆனது?

1941-இல் முதலில் செயல்பாடுகள் நிறுத்தப்பட்டன. செப்டம்பர் கடைசியில், செக் பகுதியை ஆள ஹிட்லர் அனுப்பிய நாஜித் தலைவர் ஹெய்ட்ரிக் ப்ராகுக்கு வந்தார். அக்டோபர் 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட இரவில் நாடெங்கும் ஒரே நேரத்தில் கதவு தட்டினார்கள். சோகோல் பொறுப்பாளர்கள் சுமார் 1,500 பேர் ஓர் இரவில் கைதானார்கள். பெரும்பாலோர் தெரெஸின் சிறைக்கும் ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் போனார்கள், பலர் திரும்பவில்லை.

எஞ்சியவர்கள் ஒதுங்கிவிடவில்லை. ஊர்தோறும் ஒருவரையொருவர் அறிந்த, வாக்குத் தவறாத மனிதர்களின் வலை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தலைமறைவுப் போராட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? 1942 மே 27 அன்று ஹெய்ட்ரிக்கைத் தாக்கிய பாராசூட் வீரர்களுக்கு ப்ராகில் வீடும் உணவும் துணியும் தேடிக் கொடுத்தவர்களில் சோகோல்காரர்கள் முதன்மையானவர்கள். ஆசிரியர் யான் ஸெலென்கா அவர்களில் ஒருவர். ஜூன் 17 அன்று ரகசியக் காவல் படை வாசலுக்கு வந்தபோது, யாரையும் காட்டிக் கொடுக்க நேரக்கூடாது என்று நஞ்சருந்தி உயிர்விட்டார். போர் முடிந்தபோது உயிரிழந்த சோகோல்காரர்களின் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியிருந்தது.

கம்யூனிஸ்டுகள் ஏன் ஒழித்தார்கள்? அவர்களும் 'தோழர்' என்றுதானே அழைத்தார்கள்?

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் கோடையில் பதினோராவது ஸ்லெத் ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்தது, நிறுத்த முடியவில்லை. ஜூலை 6 அன்று நடந்த அணிவகுப்பு செக் வரலாற்றில் மறக்க முடியாத ஊர்வலம். புதிய குடியரசுத் தலைவர் கிளெமென்ட் கோட்வால்ட் நின்ற மேடையைக் கடக்கும்போது அணிகள் வாய் மூடின. பலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பதவி விலகியிருந்த முந்தைய குடியரசுத் தலைவர் பெனெஷின் பெயரைச் சொல்லி வாழ்த்து முழங்கினார்கள். கையில் ஆயுதமில்லை, கல்லில்லை. ஒன்றாகத் தலையைத் திருப்பப் பழகியவர்கள் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள்.

பின்னர் கைதுகள், நீக்கங்கள். கட்சியின் ஆட்கள் பொறுப்புகளில் அமர்ந்தார்கள். 1950-களின் நடுப்பகுதிக்குள் பெயரும் மறைந்தது.

1948-இன் அதே கோடையில் லண்டன் ஒலிம்பிக். செக்கோஸ்லோவாக்கியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி தங்கம் வென்றது. அணியைச் சேர்ந்த எலிஷ்கா மிசாகோவா போலியோ தாக்கி, அணி போட்டியிட்ட அதே நாளில் லண்டனில் இறந்தார். அவருடைய அக்கா அந்த அணியிலேயே ஆடிக்கொண்டிருந்தார். சோகோலின் பெண்கள் பிரிவுத் தலைமைப் பயிற்றுநர் மரியே ப்ரோவஸ்னிகோவாவும் அங்கே இருந்தார். வயது 57. நாட்டில் சுதந்திரம் இல்லை, திரும்பப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அரசியல் காரணம் சொல்லி ஒலிம்பிக்கிலிருந்து வீடு திரும்ப மறுத்தவர்களில் முதல்வராக அவரைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வாழ்ந்து, கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததையும் பார்த்துவிட்டு, 1991-இல் நூறு வயதில் மறைந்தார்.

ஸ்பார்த்தகியாடவும் ஸ்லெத்தும் ஒன்றா?

படத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அதே ஸ்த்ராஹவ் அரங்கம், அதே புள்ளிகள். அசைவுகளை அமைத்தவர்களில் பலர் பழைய சோகோல் பயிற்றுநர்கள். 1955-இல் தொடங்கி 1985 வரை ஆறு முறை நடந்தது. 1970-இல் மட்டும் விட்டுவிட்டார்கள். சோவியத் படை நாட்டுக்குள் நுழைந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரத்தில் அத்தனை பேரை ஓரிடத்தில் கூட்ட யாருக்குத் துணிவு வரும்?

ஸ்பார்த்தகியாடவில் ஆடிய பெண்கள் பலருக்கு அது இனிய நினைவு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோழிகளோடு ப்ராக் போனதும் இசையும் வெயிலும் உண்மைதான். ஆனால் ஸ்லெத்துக்குப் போனவர் சந்தா கட்டி, சொந்தக் காசில் ரயிலேறி, தான் கட்டிய கூடத்தில் பழகிப் போனவர். ஸ்பார்த்தகியாடவுக்குப் பள்ளியும் தொழிற்சாலையும் படையும் ஆள் அனுப்பின. விலகிப்போகும் உரிமை உள்ளவர் வரிசையில் நிற்பதும், அது இல்லாதவர் நிற்பதும் ஒன்றாகாது.

ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியதா?

ஆம், அது அதன் முதல் நோக்கமாக இல்லாவிட்டாலும். 'ஆதாயமும் வேண்டாம், புகழும் வேண்டாம்' என்பது சோகோல் மரபின் வாசகம். 1924 பாரிஸில் கயிறு ஏறுதலில் பெட்ரிஹ் ஷுப்சீக், 1928 ஆம்ஸ்டர்டாமில் இணைக் கம்பிகளில் லாடிஸ்லாவ் வாஹா, 1936 பெர்லினில் வளையத்தில் அலோய்ஸ் ஹுடெட்ஸ் என்று தங்கங்கள் வந்தன. 1968 மெக்சிகோவில் சோவியத் கீதம் ஒலித்தபோது வெற்றி மேடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே செக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வியெரா சாஸ்லாவ்ஸ்கா, அவருடைய அந்த அசைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1948 ஊர்வலம் நினைவுக்கு வருகிறது.

இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 1990 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார்கள். 1994-இல் ஸ்த்ராஹவில் மறுபடி ஸ்லெத் நடந்தது. அதன்பின் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக 2024-இல் நடந்தது. பழைய பேரளவு இல்லை, ஸ்த்ராஹவுக்குப் பதில் சாதாரணக் கால்பந்து அரங்கமே போதுகிறது. ஆயிரம் கிளைகள் அளவில் இயங்குகின்றன. தாயும் சிறு பிள்ளையும் சேர்ந்து செய்யும் பயிற்சி வகுப்புகள் பல ஊர்களில் நிரம்பி வழிகின்றன.

ப்ராக் போனால் எங்கே பார்க்கலாம்?

சோகோல்ஸ்கா தெருவின் முதல் கூடம், மாலா ஸ்த்ரானாவின் திர்ஷ் இல்லம், குன்றின் மேல் சிதைந்துவரும் ஸ்த்ராஹவ் அரங்கம். இன்று அதன் திடலைப் பல கால்பந்து மைதானங்களாகப் பிரித்துப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஓல்ஷனி கல்லறைத் தோட்டத்தில் திர்ஷும் ஃபூக்னரும் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நாள் தேர்ந்தெடுக்க முடிந்தால் அக்டோபர் 8 அன்று போங்கள். 1941-இன் அந்த இரவை நினைவுகூரும் நாளாகச் சட்டமே அதை ஏற்றிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கிளைக்காரர்கள் ஆற்றங்கரைக்கு வருவார்கள். ப்ராகில் வல்த்தாவாவிலும், மற்ற ஊர்களில் அந்தந்த ஊர் ஆற்றிலும் சிறு விளக்குகளை மிதக்க விடுவார்கள்.